தரவுத்தளம் தளர்வது ஏன்?

நூலகம் ஒன்றின் பெருமை அதன் அலுமாரிகளில் அடுக்கப்பட்ட நூல்களின் தொகையால் மாத்திரம் அமைவதில்லை. வேண்டிய நூல் வேண்டிய வேளையில் வாசகரின் கைக்கு வந்து சேர வேண்டும். சீர்காழியிற் பிறந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பதவியேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931ஆம் ஆண்டு நூலக அறிவியலுக்கென ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பது அவற்றுள் நான்காவதன் கருத்து. அரங்கநாதன் யாழ்ப்பாணத்துக்குப் புதியவரல்லர். 1933ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூலகம் வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாகி, 1959ஆம் ஆண்டு புதிய கட்டடத்திற் குடிபுகுந்தபோது, அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

அந்த நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீக்கிரையானதும், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதும் தமிழ் மக்கள் மறவாத துயரம். எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டும் என்ற எண்ணம் பின்னாளில் பல முயற்சிகளுக்கு வித்திட்டது. 2005ஆம் ஆண்டு தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் அவற்றுள் ஒன்று. ஈழத்து நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படம்பிடிக்கப்பட்டு அங்கே சேர்க்கப்படுகின்றன. அத்தளத்தைத் தாங்கி நிற்பது மீடியாவிக்கி என்னும் மென்பொருள். இத்தகைய மென்பொருள்கள் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் முதலிய விவரங்களை ஒரு தரவுத்தளத்தில் இட்டுவைத்து, வாசகர் தேடும்போது அங்கிருந்து எடுத்துத் தருகின்றன.

காகித நூலகத்தில் வாசகரின் நேரத்தைக் காத்தவர் நூலகர். எண்ணிம நூலகத்தில் அந்தப் பொறுப்பு பெரிதும் தரவுத்தளத்தைச் சார்ந்தது. பருத்தித்துறையில் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி பழைய சஞ்சிகை ஒன்றைத் தேடுகிறாள். இருபது விநாடி கடந்தும் திரை அசையவில்லை என்றால், அந்தச் சஞ்சிகை அங்கே இல்லை என்றே அவள் முடிவுசெய்து எழுந்துவிடுவாள். அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய நூல், தேடியவளுக்குக் கிடைக்காத நூலாகவே முடிகிறது. ஆகவே, தரவுத்தளம் ஏன் தளர்கிறது, அத்தளர்ச்சியை எவ்வாறு கண்டறிந்து நீக்குவது என்பவை கணினி வல்லுநர்க்கு மாத்திரம் உரிய வினாக்களாக இருந்துவிடலாகா.

இன்று பெருவழக்கில் உள்ளது தொடர்புசால் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த எட்கார் கொட் என்பவர் 1970ஆம் ஆண்டு இதன் கொள்கையை வெளியிட்டார். தகவல்கள் யாவும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வைக்கப்படும். நூல்களுக்கு ஓர் அட்டவணை. ஆசிரியர்களுக்கு வேறோர் அட்டவணை. நூலின் நிரையில் ஆசிரியரின் இலக்கம் மாத்திரம் இருக்கும்; அந்த இலக்கத்தைக் கொண்டு இரண்டையும் தொடர்புபடுத்திக்கொள்ளலாம். கொட் கூறிய மற்றொரு கருத்து இன்னும் முக்கியமானது. பயனாளர் தமக்கு வேண்டியது யாது என்பதைச் சொன்னாற் போதும். அதை எவ்வழியாக எடுப்பது என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கும். இக்கேள்வியை வினவல் என்பர். கேள்விகளை ஏற்று விடை வழங்கும் கணினியை வழங்கி என்பர்.

இந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. வழியைப் பயனாளர் சொல்வதில்லையாதலால், வழி நீண்டதா குறுகியதா என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு நிரைகளைப் பார்த்துச் சொல்லக்கூடிய விடையை இருபது இலட்சம் நிரைகளைப் பார்த்துச் சொன்னாலும் விடை ஒன்றே. நூல்கள் ஆயிரமாக இருந்த நாளில் இந்த வேறுபாடு புலப்படாது. அவை இலட்சமாகப் பெருகும்போதே தளர்ச்சி வெளிப்படும். தரவுத்தளச் சீரமைப்பு என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி, தேவைக்கு மிஞ்சி எங்கே வாசிக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்து அதைக் குறைப்பதேயாகும்.

தளர்ச்சி கண்டவுடன் பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம், பெரிய வழங்கி ஒன்றை வாங்கிவிடலாம் என்பது. நாடி பிடித்துப் பாராமல் மருந்தை இரட்டிப்பாக்கும் வைத்தியத்தை இது ஒக்கும். நன்கொடையால் நடைபெறும் ஒரு நிறுவனத்துக்கு அந்தப் பணமும் எளிதிற் கிடைப்பதன்று. முதலில் நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்தறிய வேண்டும்.

நேரம் செலவாகக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, வாசகருக்கும் வழங்கிக்கும் இடையிலுள்ள பாதை. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். வழங்கி 10,000 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், ஒருமுறை போய்வரவே பத்தில் ஒரு விநாடி ஆகும். ஒரு பக்கத்தைக் காட்ட ஐம்பது தடவை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வர நேர்ந்தால் ஐந்து விநாடி கழிந்துவிடும். அதில் தரவுத்தளத்தின் குற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது, பக்கத்தை ஆக்கித்தரும் நிரல். மூன்றாவதே தரவுத்தளம். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் கழிகிறது என்பதைத் தனித்தனியே குறித்துப் பார்த்த பின்னரே அடுத்த அடியை எடுத்துவைத்தல் முறை.

அளக்கும்போது சராசரியை நம்பலாகாது. நூறு தேடல்களுள் தொண்ணூற்றைந்து, பத்தில் ஒரு விநாடியில் முடிகின்றன. எஞ்சிய ஐந்தும் இருபது விநாடி வீதம் எடுக்கின்றன. சராசரி ஏறத்தாழ ஒரு விநாடி. அறிக்கையைப் பார்ப்பவர் குறையில்லை என்று மகிழ்வார். காத்திருந்த ஐவரோ திரும்பிப் போயிருப்பர். எனவே, மெதுவானவற்றைத் தனியே பிரித்துக் காண வேண்டும். இதற்கெனத் தரவுத்தளங்களில் மந்த வினவற் பதிவேடு என்னும் வசதி உண்டு. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் இப்பதிவேடு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும், எல்லையை மாற்றாதவிடத்துப் பத்து விநாடிக்கு மேற்பட்டவற்றையே அது குறித்துவைக்கும். எல்லையை ஒரு விநாடியாகவோ அதற்கும் குறைவாகவோ தாழ்த்தினால்தான் பயன் உண்டு.

தனித்தனி வினவலின் நேரத்தோடு, அது நாளொன்றுக்கு எத்தனை முறை கேட்கப்படுகிறது என்பதையும் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். முப்பது விநாடி எடுக்கும் ஒரு வினவல் நாளுக்குப் பத்து முறை நிகழ்ந்தால் மொத்தம் 300 விநாடி. ஐந்தில் ஒரு விநாடியே எடுக்கும் மற்றொன்று நாளுக்கு 50,000 முறை நிகழ்ந்தால் மொத்தம் 10,000 விநாடி. வழங்கியைக் களைப்படையச் செய்வது பின்னதே. இவ்வாறு வகை வகையாகத் தொகுத்துக் காட்டும் கருவிகள் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரண்டிலும் உள்ளன. கேட்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். வாசகர் மாத்திரமன்றித் தேடுபொறிகளின் இயந்திரங்களும் பக்கம் பக்கமாக வந்து வாசித்துச் செல்கின்றன. அவை அவசரமற்றவை, அவற்றின் வேகத்துக்கு ஓர் எல்லை விதித்தாலே சில தளங்கள் மூச்சுவிடத் தொடங்கும்.

நோயுள்ள வினவல் அகப்பட்ட பின், அது செல்லும் வழியை ஆராய வேண்டும். பத்து இலட்சம் நிரைகள் கொண்ட நூலட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தரவுத்தளம் நிரைகளைப் பக்கங்களாகக் கட்டி வைக்கிறது. ஒரு பக்கத்தில் நூறு நிரைகள் அடங்குமாயின், முழு அட்டவணையும் 10,000 பக்கங்கள். சுட்டி எதுவும் இல்லாதபோது, ஒரேயொரு தலைப்பைத் தேடுவதற்கும் பத்தாயிரம் பக்கங்களையும் புரட்ட வேண்டியதாகும். நூலின் இறுதியிற் பொருளகராதி இல்லாவிட்டால், ஒரு சொல்லைக் காண நூல் முழுவதையும் படிக்க நேர்வதைப் போன்றது இது.

இதற்கு மருந்து சுட்டி. போயிங் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பேயர், மக்கிரைட் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டு வகுத்த பீ-மரம் என்னும் அமைப்பே இன்றும் பெரும்பாலான சுட்டிகளுக்கு அடிப்படை. தலைப்புகள் அகரவரிசையில் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் அடுத்த தட்டிலுள்ள பக்கங்களுக்கு வழிகாட்டும். ஒரு பக்கம் இருநூறு வழிகளைக் காட்டுமானால், மூன்று தட்டுகளில் எண்பது இலட்சம் பதிவுகளை அடக்கிவிடலாம். பத்தாயிரம் பக்கங்களைப் புரட்டிய வேலை, சுட்டியில் மூன்று பக்கங்களும் அட்டவணையில் ஒரு பக்கமுமாக, நான்கே பக்கங்களில் முடிந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கும் எந்த வழங்கியும் இத்தகைய வேகத்தைத் தர இயலாது.

ஆயினும், சுட்டி இலவசமாகக் கிடைப்பதன்று. புதிய நூல் ஒன்றைச் சேர்க்கும்போது எல்லாச் சுட்டிகளிலும் அதனை உரிய இடத்திற் செருக வேண்டும். பத்துச் சுட்டிகள் இருந்தால் வேலையும் அத்தனை மடங்காகப் பெருகும். பயன்படாத சுட்டிகளை அகற்றுவதும் சீரமைப்பின் ஒரு பகுதியே.

பல நிரல்களைச் சேர்த்து அமைக்கும் சுட்டியில் வரிசைமுறை கவனிக்கற்பாலது. குடாநாட்டு ஆசிரியர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்று, முதலில் ஊர்வாரியாகவும், ஊருக்குள் பெயர்வாரியாகவும் எழுதப்பட்டிருக்கிறது என்க. கோப்பாயிலுள்ள கந்தையாவைக் கண்டுபிடித்தல் எளிது. கோப்பாயார் அனைவரையும் பட்டியலிடுதலும் எளிது. ஊர் தெரியாது, பெயர் மாத்திரம் கந்தையா என்றால், அச்சுவேலி தொடங்கி வேலணை வரை ஒவ்வோர் ஊரின் பகுதியையும் திறந்து பார்க்க வேண்டியதாகும். ஊர், பெயர் என்ற வரிசையில் அமைந்த சுட்டியின் நிலையும் இதுவே. வாசகர் எதைக் கொண்டு தேடுகின்றனர் என்பதை அறிந்தே வரிசையை அமைத்தல் வேண்டும்.

சுட்டி இருந்தும் தரவுத்தளம் அதனைப் பயன்படுத்தாமல் விடுவதும் உண்டு. காரணம் அறிய வேண்டுமாயின், எக்ஸ்பிளெயின் என்னும் கட்டளையை வினவலுக்கு முன்னே இட்டால், தான் செல்லவிருக்கும் வழியைத் தரவுத்தளம் விவரித்துச் சொல்லும். பல வழிகளின் செலவை மதிப்பிட்டுக் குறைந்ததைத் தெரிவுசெய்யும் முறையை, ஐ.பி.எம். ஆய்வாளரான பற்றீசியா செலிங்கரும் அவருடைய குழுவினரும் 1979ஆம் ஆண்டு வெளியிட்டனர். அம்மதிப்பீடு புள்ளிவிவரங்களைச் சார்ந்தது. நூலட்டவணையிற் பத்தில் ஆறு நூல்கள் யாழ்ப்பாணத்திற் பதிப்பிக்கப்பட்டவையாயின், பதிப்பிடம் யாழ்ப்பாணம் என்று தேடுபவருக்குச் சுட்டியால் நன்மையில்லை. அட்டவணையை நேரே வாசிப்பதே சிக்கனம். பதிப்பிடம் சுன்னாகம் என்று தேடினாலோ நூல்கள் சில, சுட்டியே சிறந்தது. புள்ளிவிவரங்கள் பழையனவாய்ப் போனால் இந்தத் தெரிவு பிழைத்துவிடும். தரவுத்தளம் மதிப்பிட்ட நிரைகள் பத்து, உண்மையில் வாசித்த நிரைகள் ஒரு இலட்சம் என்று காணப்பட்டால், புள்ளிவிவரங்களைப் புதுப்பித்தலே முதல் வேலை.

வினவலை எழுதும் முறையிலும் குறை இருக்கலாம். 1959ஆம் ஆண்டு இதழ்கள் வேண்டுமெனில், ஒவ்வொரு திகதியிலிருந்தும் ஆண்டைப் பிரித்தெடுத்து அது 1959தானா என்று ஒப்பிடுமாறு எழுதுவோர் உளர். சுட்டி திகதிகளின் வரிசையில் இருப்பதால், இவ்வாறு கேட்டால் அது பயன்படாது. 1959 ஜனவரி முதலாந் திகதி தொடங்கி டிசம்பர் 31ஆந் திகதி ஈறாக என்று கேட்டால், சுட்டியின் ஒரு பகுதியை மாத்திரம் வாசித்து விடை வந்துவிடும். தேடற் பயனில் ஐந்நூறாவது பக்கத்தைக் கேட்பதும் இத்தகையதே. பக்கத்துக்கு இருபது வீதம் 10,000 நிரைகளை எடுத்து, 9,980ஐக் கழித்துவிட்டு, எஞ்சிய இருபதைத் தரவுத்தளம் காட்டும். முந்திய பக்கத்தின் இறுதித் தலைப்பை நினைவில் வைத்து, அதற்கு அடுத்ததிலிருந்து தருமாறு கேட்டால் வீண்வேலை இல்லை. ஐம்பது நூல்களின் பட்டியலை எடுத்தபின் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பெயரைத் தனித்தனியே கேட்பதும் வழக்கமான பிழை. ஐம்பத்தொரு வினவல்களை ஒன்றாக்கிக் கேட்கவே தொடர்புசால் அமைப்பு ஏற்பட்டது.

தமிழ்த் தரவுகளுக்கெனச் சில சிக்கல்களும் உள. யாழ்ப்பாணம் என்பது கண்ணுக்கு ஆறெழுத்து. ஒருங்குறி முறையில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குக் குறியும் தனித்தனிக் குறியீடுகளாதலால் அது பதினொரு குறியீடுகளாகிறது; குறியீடொன்றுக்கு மூன்று பைற் வீதம் 33 பைற். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற் போதும். ஆகவே, தமிழ்ச் சுட்டி பருமனில் மிகும். ஒரு பக்கத்தில் அடங்கும் பதிவுகள் குறையும். நீண்ட தலைப்புகளை முழுமையாகச் சுட்டியில் இடாமல், முற்பகுதியை மாத்திரம் இடுவது இதற்கு ஒரு தீர்வு.

தமிழ்ச் சொல் வேற்றுமை உருபேற்று உருமாறுவது. யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்தின் என வரும்போது ஈற்று மகரம் மறைந்துவிடுகிறது. முழுச்சொல்லைக் கொண்டு தேடினால் உருபேற்றவை அகப்படா. இதற்கஞ்சி, முன்னும் பின்னும் எது வந்தாலும் சரி என்று கேட்கும் வினவலை எழுதுவோர் பலர். சொல்லின் தொடக்கம் தெரியாதபோது அகரவரிசை பயன்படாததால், முழு அட்டவணையும் மீண்டும் புரட்டப்படும். யாழ்ப்பாண என்னும் வரையில் தொடக்கத்தை நிலைநிறுத்தி, ஈற்றை மாத்திரம் திறந்துவிட்டுக் கேட்டால் தலைப்பின் முதற்சொல்லுக்குச் சுட்டி உதவும். தலைப்பின் நடுவிலுள்ள சொற்களுக்கு, ஒவ்வொரு சொல்லையும் தனியே வரிசைப்படுத்தும் முழுவாசகச் சுட்டி வேண்டும். அங்கும் கவனம் தேவை. மைஎஸ்கியூஎல்லின் இன்று வழக்கிலுள்ள இன்னோடிபி அமைப்பு, மூன்று குறியீடுகளுக்குக் குறைந்த சொற்களை இயல்பாகச் சுட்டியிற் சேர்ப்பதில்லை. தை, தீ, பூ, கை என்பன இரண்டு குறியீடுகளாதலால் அவை விடுபட்டுப்போம். அந்த எல்லையைத் தமிழுக்கேற்ப மாற்றிச் சுட்டியை மீள அமைத்தல் வேண்டும்.

மேலும், ‘கொ’ என்னும் எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைற்றுகளை நேரே ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ அவை வேறு வேறு. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவிற் பதிந்த கோப்புகள் உள்ளே ஆங்கிலக் குறியீடுகளையே கொண்டவை. இவற்றையெல்லாம் தேடும்போது மாற்றிப் பார்க்க முற்பட்டால் ஒவ்வொரு நிரைக்கும் வேலை நேரும். சேர்க்கும்போதே ஒரே வடிவுக்குக் கொணர்ந்துவிட்டால், ஒருமுறை செய்த வேலை என்றைக்கும் பயன்படும்.

வினவல்களைத் திருத்திய பின் நினைவகத்தை நோக்கலாம். சுழலும் வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றினாலும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிவிநாடி ஆகிறது. நினைவகத்திலிருந்து எடுப்பதோ அதனினும் பல்லாயிரம் மடங்கு விரைவு. ஆதலால், அடிக்கடி வேண்டப்படும் பக்கங்களைத் தரவுத்தளம் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இன்னோடிபி அமைப்பில் அதற்கென இயல்பாக ஒதுக்கப்படுவது 128 மெகாபைற்றே. நினைவகம் பதினாறாயிரம் மெகாபைற் இருந்தும், இந்த அளவை மாற்றாமல் விட்டால் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கும். அளவுக்கு மிஞ்சி ஒதுக்கினாலும் தீங்கு. ஏனைய நிரல்களுக்கு இடம் போதாமல், நினைவகத்திலுள்ளவை வட்டுக்குத் தள்ளப்பட்டு முன்னிலும் மோசமாகும்.

ஒரே வேளையில் எத்தனை பேருக்கு விடையளிப்பது என்பது மற்றொரு வினா. இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையை உயர்த்திவிட்டால் எல்லோரும் பயனடைவர் என்று தோன்றும். குடாநாட்டு விவசாயி இந்த எண்ணத்தின் பிழையை எளிதில் உணர்வார். வற்றாத ஆறு இல்லாத அம்மண்ணில், சுண்ணக்கற் பாறையில் ஊறித் தங்கிய மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். நீரிறைக்கும் இயந்திரங்களின் தொகையைக் கூட்டினால் ஊற்று கூடுவதில்லை; அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். வழங்கிக்கும் ஊற்றளவு ஒன்று உண்டு. அதற்குமேல் உள்ளே விடப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்வர். வாயிலில் ஒழுங்காக வரிசையில் நிறுத்தி, அளவோடு உள்ளே விடுவதால் அனைவர்க்கும் விடை விரைவிற் கிடைக்கிறது.

வரிசை நீளும் விதத்தையும் கணக்கிடலாம். கோபன்கேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்திற் பணிபுரிந்த ஏர்லாங் 1909ஆம் ஆண்டு தொடக்கிவைத்த வரிசைக் கணிதம் இதற்கு உதவும். ஒரு வினவலுக்குரிய வேலை பத்தில் ஒரு விநாடி என்க. வினவல்கள் ஒழுங்கின்றி வந்துசேர, வழங்கியின் வேலைநேரத்திற் பாதி நிரம்பியிருக்கும்போது, எளிய கணிப்பின்படி காத்திருப்பும் வேலையும் சேர்ந்து ஐந்தில் ஒரு விநாடி ஆகும். 90 சதவீதம் நிரம்பினால் ஒரு விநாடி. 95 சதவீதமானால் இரண்டு விநாடி. பரீட்சைக் காலத்தில் வாசகர் சிறிதே கூடியபோதும் தளம் திடீரென நின்றுபோவதன் காரணம் இதுவே. வேலையைச் சிறிது குறைத்தாலும் காத்திருப்புப் பன்மடங்கு குறைவதும் இதனாலேயே.

பூட்டுகளும் தாமதத்தை உண்டாக்கும். ஒருவர் திருத்தும் நிரையை வேறொருவர் அதே வேளையில் திருத்தாதபடி தரவுத்தளம் பூட்டிவைக்கும். ஆயிரம் நூல்களின் விவரத்தை ஒரே தொகுதியாகத் திருத்தத் தொடங்கியவர் இடையில் எழுந்து தேநீர் அருந்தச் சென்றால், அதுவரை பூட்டுத் திறவாது. திருத்தங்களைச் சிறு சிறு தொகுதிகளாகச் செய்து உடனுக்குடன் முடித்தல் நன்று. பெரிய பராமரிப்பு வேலைகளை நள்ளிரவிற் செய்வது வழக்கம். தமிழர் உலகெங்கும் பரந்து வாழும் இக்காலத்தில் அந்த வழக்கத்தையும் ஆராய்ந்தே பின்பற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு பன்னிரண்டு மணியாகும்போது, குளிர்காலத்தில் இலண்டனில் மாலை 6.30, ரொறன்ரோவிற் பிற்பகல் 1.30. குடாநாடு உறங்கும் வேளை புலம்பெயர்ந்த வாசகருக்கு உறங்கும் வேளையன்று. எந்த மணிநேரத்தில் வாசகர் குறைவு என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. மாற்றத்துக்கு முன் அளவிட வேண்டும். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்ய வேண்டும். பின்னர் மீண்டும் அளவிட்டு, பயன் தராத மாற்றத்தை விலக்கிவிட வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்து வேகம் கூடினால், எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருவராலும் சொல்ல இயலாது. செய்தவற்றைத் திகதியோடு எழுதிவைத்தல் அவசியம். தன்னார்வலர் மாறிக்கொண்டிருக்கும் நிறுவனங்களில், அடுத்து வருபவருக்கு அந்தக் குறிப்பே வழிகாட்டி.

யாவற்றுக்கும் முன்னதாக நகல் ஒன்று பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். அந்நகலிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுக்க இயலும் என்பதைச் செய்து பார்த்திருத்தலும் வேண்டும். வாசிப்புச் சுமையைப் பகிர்வதற்காக வேறொரு நகரில் இணைவழங்கி ஒன்றை வைத்து, மூலத்தில் நிகழும் மாற்றங்கள் அங்கும் உடனுக்குடன் நிகழுமாறு செய்வதுண்டு. அது வேகத்துக்கு நல்லது. எனினும், மூலத்திற் கைதவறி அழித்த நிரை இணைவழங்கியிலும் அழிந்துவிடும். ஆதலால் அது காப்பு நகலுக்கு ஈடாகாது. ஓரிரவில் அனைத்தையும் இழந்த ஊருக்கு இதனை மிகைப்படச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து முடித்த பின்னும் நினைவகமோ வட்டோ போதவில்லை என்று அளவீடு காட்டுமாயின், அப்போது புதிய வழங்கியை வாங்கலாம். வாங்கும் பணம் எதற்காகச் செலவாகிறது என்பது அன்று தெளிவாகத் தெரிந்திருக்கும். பல சமயங்களில் அந்தச் செலவுக்கே தேவை நேர்வதில்லை. உரிய சுட்டி ஒன்று, திருத்தி எழுதிய வினவல் ஒன்று, அளவறிந்து ஒதுக்கிய நினைவகம் ஆகிய இவற்றால் மீந்த பணத்தைக் கொண்டு, செல்லரித்துக்கொண்டிருக்கும் இன்னும் பல ஏடுகளைப் படம்பிடித்து நூலகத்திற் சேர்க்கலாம்.